விலைப்பட்டியலில் இடம்பெறாத வோல்ட்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் நினைவகத்தைப் பொருத்தினால் மேசைக் கணினியின் மின்செலவு வெகுவாகக் குறையும் என்னும் பொருளில் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த குறிப்பைப் படித்தேன். கும்பகோணத்தில் ஒரு கணக்கர் அலுவலகத்தின் ஆறு கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்பவன் நான். அக்குறிப்பு தவறில்லை, ஆனால், கடைக்குப் போய் நிற்பவருக்குத் தேவையான செய்தி அதில் விடுபட்டுப் போயிருக்கிறது.

நாம் ரேம் என்று கேட்டு வாங்கும் நினைவகத்தின் மின்னழுத்தம் தலைமுறைக்குத் தலைமுறை இறங்கியே வந்திருக்கிறது. அத்தலைமுறைகளில் டிடிஆர்2 எனப்படும் வகைக்கு 1.8 வோல்ட், 2007-இல் தரநிலை வெளியான டிடிஆர்3-க்கு 1.5, டிடிஆர்4-க்கு 1.2, 2020-இல் தரநிலை வெளியான டிடிஆர்5-க்கு 1.1 என்று, நினைவகங்களுக்கான தரநிலைகளை வெளியிடும் ஜெடெக் அமைப்பு வகுத்திருக்கிறது. இடையில், 2010-இல், டிடிஆர்3-இன் கிளையாக 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் வந்தது. சில்லுக்குள் மின்சுற்றுகள் மாறி மாறி இயங்கும்போது செலவாகும் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 1.5-இலிருந்து 1.35-க்கு இறங்குவது பத்து விழுக்காடு இறக்கமாகத் தோன்றினாலும், கணக்குப்படி அந்தச் செலவு ஏறத்தாழ 19 விழுக்காடு குறைகிறது. தங்கள் குறிப்பு இதுவரை சரியாகவே வந்தது.

சிக்கல் என்னவென்றால், 1.35 என்ற எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் ஏமாறக்கூடும். டிடிஆர்3 வகையில் அது சிக்கனத்தின் அடையாளம். அதே எண்ணை, விளையாட்டுப் பிரியர்களுக்கென்று உலோகக் கவசம் மாட்டி விற்கப்படும் டிடிஆர்4 ரேம்களின் உறையிலும் பார்க்கலாம். அங்கே அது தரநிலையான 1.2 வோல்ட்டைவிடக் கூடுதல், அதாவது வேகத்துக்காகக் கொடுக்கும் விலை. கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளில், ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற வசதியை இயக்கினால்தான் அந்த ரேம் உறையில் அச்சிட்ட வேகத்துக்கும் 1.35 வோல்ட்டுக்கும் போகும். இயக்காமல் விட்டால், பெரும்பாலும் 1.2 வோல்ட்டில் சற்று நிதானமான வேகத்தில் வேலை பார்க்கும். பற்றுவரவு எழுதும் கணினிக்கு அந்த நிதானமே போதும் என்பது என் கருத்து.

டிடிஆர்3-இலேயே இன்னொரு பொறி உண்டு. எங்கள் அலுவலகத்தில் இரண்டு கணினிகள் இன்டெலின் ஆறாம் தலைமுறைச் செயலிகள் கொண்டவை. அச்செயலிகள் டிடிஆர்4-ஐயும் டிடிஆர்3எல்-ஐயும் மட்டுமே ஏற்கும்படி வடிவமைக்கப்பட்டவை, பழைய 1.5 வோல்ட் டிடிஆர்3 அவற்றுக்கு உரியதன்று. நான் சென்று கேட்ட கடையில், “எல்லாம் டிடிஆர்3தான் சார், போட்டால் ஓடும்” என்று சொல்லி 1.5 வோல்ட் ரேமைக் கொடுத்தார்கள். ரேமின் விளிம்பில் வெட்டியிருக்கும் காடிப் பள்ளம் டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டு வகைக்கும் ஒரே இடத்தில் இருப்பதால் அது ஸ்லாட்டில் தடையின்றி உட்கார்ந்தது. கணினியோ பீப் ஒலி எழுப்பியதோடு சரி, திரை வெளிச்சமே காட்டவில்லை. மாற்றித் தரக் கடைக்காரர் மறுத்துவிட்டார். பில்லில் “டிடிஆர்3 8 ஜிபி” என்று மட்டும் எழுதியிருந்ததால் வாதாடவும் வழியில்லாமல் போயிற்று.

மறுதிசையில் இந்தத் தொல்லை இல்லை. டிடிஆர்3எல் ரேம் 1.35, 1.5 ஆகிய இரண்டிலும் இயங்கக்கூடியது. ஆனால், 1.5 வோல்ட் மட்டுமே தரத் தெரிந்த பழைய மதர்போர்டில் அதைச் செருகினால் 1.5-இல்தான் ஓடும், சேமிப்பு ஏதும் வராது. பழைய 1.5 வோல்ட் ரேம் ஒன்றை எடுக்காமல் அதன் பக்கத்திலேயே புதியதைச் சேர்த்தாலும் இதே கதைதான். எல்லா ஸ்லாட்டுகளுக்கும் மின்சாரம் ஒரே தடத்தில் வருவதால், பழையதற்கு வேண்டிய மின்னழுத்தமே புதியதற்கும் போகிறது. எனவே, முதலில் பார்க்க வேண்டியது மதர்போர்டின் கையேடு. அடுத்தது ரேமின் மேல் ஒட்டிய சீட்டு. அதில் “பிசி3” என்றிருந்தால் 1.5 வோல்ட், “பிசி3எல்” என்றிருந்தால் 1.35. ஓர் எழுத்துதான் வேறுபாடு.

இனி, இதனால் மிச்சமாவது எவ்வளவு? சுவர் பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரை வைத்து, 1.5 வோல்ட், 1.35 வோல்ட் ஆகிய இரண்டு வகையும் ஏற்கும் இன்னொரு கணினியில் வகைக்கு ஒரு ரேமை மாற்றி மாற்றிப் பார்த்தேன். வேறுபாடு ஒரு வாட்டைத் தாண்டவில்லை. ஒரு ரேமே சில வாட்டுகள்தான் எடுக்கிறது என்னும்போது அதில் 19 விழுக்காடு வேறு எவ்வளவு வரும்? நாளுக்கு 9 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று கொண்டால் 2.7 யூனிட், யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் 27 ரூபாய். அதே கணினி சும்மா இருக்கும்போது 40 வாட் எடுக்கிறது. மாலையில் அணைக்காமல் போய்விட்டால் 14 மணி நேரத்தில் அரை யூனிட்டுக்கு மேல். அதுவே வழக்கமானால் ஆண்டுக்கு 168 யூனிட். இதைச் சொல்லி எங்கள் அலுவலகத்தில் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

ஆகவே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் 1.5 வோல்ட் ரேமைக் கழற்றிப் போட்டுவிட்டு மின்சிக்கனத்துக்காகப் புதியது வாங்குவது வீண். எப்படியும் வாங்கப்போகிறவர் பொருந்துகிற குறைந்த மின்னழுத்த வகையைக் கேட்டு வாங்கலாம். சூடும் சிறிது குறையும். அதற்கு விற்பனையாளர்களும் உதவ வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலிருந்து எங்கள் ஊர்க் கடை வரை நான் பார்த்த விலைப்பட்டியல்களில் கொள்ளளவும் மெகாஹெர்ட்ஸும் இருக்கின்றன, வோல்ட் இல்லை. ரேமின் சீட்டில் ஏற்கெனவே அச்சிட்டிருக்கும் அந்த எண்ணைப் பட்டியலிலும் பில்லிலும் எழுதக் கூடுதல் செலவு எதுவும் ஆகாது. தங்கள் நாளிதழில் வெளியாகும் கணினி விற்பனை விளம்பரங்களிலும் அதைக் குறிப்பிடுமாறு விளம்பரதாரர்களைக் கேட்டுக்கொள்ள இயலுமா என்று ஆசிரியர் குழு பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.