குனிந்து மேயும் ஆட்டின் கண்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

நேற்றோடு எல்லாம் முடிந்தது. கடைசிப் படத்தையும் சுவரிலிருந்து இறக்கி, ஆணி ஓட்டைகளை அடைத்து, அரங்கின் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தோம். வந்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். தள்ளிப்போட்டால் யாரையாவது விட்டுவிடுவேனோ என்று பயம்.

விலங்குகளின் உணர்வைச் சொல்லும் படைப்புகளை மட்டும் நடுவர் குழு வைத்துத் தேர்ந்தெடுத்து ஒரு கண்காட்சி நடத்த வேண்டும் என்பது எங்கள் சின்னக் குழுவின் நெடுநாள் ஆசை. "விலங்குப் படம் என்றால் பார்க்க அழகாக இருக்கும், அதற்கு மேல் என்ன இருக்கிறது?" என்று கேட்டவர்கள் பலர். அந்தக் கேள்விக்கு நீங்கள் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்லிவிட்டீர்கள்.

முதல் நன்றி நடுவர்கள் மூவருக்கு. ஒருவர் ஓவியர், ஒருவர் சிற்பி, ஒருவர் கால்நடை மருத்துவர். படைப்பாளிகளின் பெயரை மறைத்து, எண் மட்டும் போட்டு அவர்களுக்குப் படங்களை அனுப்பினோம். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமல் தனித்தனியாக மதிப்பெண் போட்டு முடித்த அப்புறம்தான் ஒரே மேசையில் கூடினார்கள். தன்னிடம் படித்த மாணவியின் கை என்று தெரிந்த ஒரு படைப்பு வந்ததும், யாரும் கேட்காமலேயே சிற்பி ஐயா எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். அந்தப் பேச்சு முடிந்து நாங்கள் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தார்.

திரையில் பார்த்தே முடிவு செய்துவிடலாம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். இரண்டாம் சுற்றில் அசலைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டோம் என்று மூவரும் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்கள். திரையில் உள்ளங்கை அளவுப் படமும் ஆளுயரப் படமும் ஒரே அளவாகத் தெரியும். கரித்துண்டு எங்கே அழுந்தியது, எங்கே தயங்கியது என்பதெல்லாம் தெரியவே தெரியாது. வேலை இரண்டு மடங்கானாலும் அவர்கள் சொன்னதுதான் சரி.

அந்த இரண்டாம் சுற்றில் நடந்த ஒன்றை இங்கே விரிவாகச் சொல்லியாக வேண்டும். புல் மேயும் ஆட்டைப் பாஸ்டல் என்னும் வண்ணத்தூள் குச்சியால் வரைந்த படம் ஒன்று இருந்தது. ரோமத்தின் மென்மையும் கழுத்தின் வளைவும் அப்படியே கையில் படுகிற மாதிரி. ஓவியர் நடுவர் நல்ல மதிப்பெண் போட்டிருந்தார். மருத்துவர் அம்மா அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். "தலை குனிந்திருக்கிறது, கண் மட்டும் குனியாத ஆட்டின் கண்" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். ஆட்டின் கண்மணி படுக்கைக்கோடு போல நீளமானது. ஆடு குனிந்தால் தலையோடு சேர்ந்து அதுவும் சாய்ந்துவிடும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி நடப்பதில்லை, கண்ணே குழிக்குள் சுழன்று, கண்மணியைத் தரைக்கு இணையாக வைத்துக்கொள்கிறது. புல்லைக் கடிக்கும் நேரத்திலும் எந்தப் பக்கமிருந்து ஆபத்து வருகிறது என்று ஆடு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமே! பாஸ்டல் படத்தில் கண்மணி தலையோடு சேர்ந்து சாய்ந்திருந்தது. நிமிர்ந்த ஆட்டின் புகைப்படத்தைப் பார்த்துக் கண்ணை வரைந்திருக்க வேண்டும்.

இதைச் சொல்லிவிட்டு அவர், முதல் சுற்றில் மயிரிழையில் தப்பி வந்த ஒரு சின்னக் கரி ஓவியத்தை எடுத்துவரச் சொன்னார். அதுவும் குனிந்த ஆடுதான். திரையில் பார்த்தபோது வெறும் கறுப்புத் திட்டாக இருந்தது. நேரில் பார்த்தால் கண்மணி தரைக்கு இணையாக நிற்கிறது! அதைச் சுற்றி நாலே நாலு கோடு. மேய்ச்சலும் விழிப்பும் ஒரே முகத்தில் இருந்தன. கண்காட்சிக்கு உள்ளே நுழைந்ததும் நீங்கள் முதலில் பார்த்தது அந்தப் படத்தைத்தான்.

இப்படிச் சொன்னதால் உடற்கூறு பிசகாத படங்களை மட்டும் எடுத்தோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அன்று சிற்பி ஐயா வாதாடியதும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1515-இல் காண்டாமிருகத்தைக் கண்ணால் காணாமலேயே, பிறர் தந்த குறிப்பையும் கோட்டுப்படத்தையும் வைத்து வரைந்து, மரச்செதுக்கு அச்சாக வெளியிட்டார். தோளில் இல்லாத ஒரு கொம்பைக்கூட வைத்தார். ஆனாலும் அந்த விலங்கின் கனம் தாளில் இறங்கியிருக்கிறதே என்றார். இன்னொரு ஜெர்மன் ஓவியர் ஃபிரான்ஸ் மார்க் 1911-இல் குதிரைக்கு நீலம் பூசியதைச் சொன்னார். மருத்துவர் அம்மாவும் அதை ஒப்புக்கொண்டார். எங்கள் கண்காட்சியில் ஊதா நிற நரி ஒன்று இடம்பிடித்தது அந்த வாதத்தால்தான். அந்த நரியின் நிறம் எங்கும் இல்லாதது. பின்னுக்குச் சாய்ந்த காதும் தாழ்ந்த முதுகும் அசல் நரியினுடையவை. மூவரும் ஒரே குரலில் தள்ளியது ஒரு வகையை மட்டும்தான்: மனிதப் புன்னகையை எடுத்து விலங்கின் வாயில் ஒட்டிய படங்களை. அதில் அவர்கள் காட்டிய உறுதிக்குத் தனியாக ஒரு கும்பிடு.

அடுத்து, விலங்குக் காப்பகத்தில் வேலை செய்யும் நண்பர்கள். படைப்பு அனுப்புவதற்கு முன்பு, விரும்பியவர்கள் காப்பகத்தில் வந்து உட்கார்ந்து வரையலாம் என்று கதவைத் திறந்துவிட்டீர்கள். பிரான்ஸ் நாட்டு ஓவியர் ரோசா பொனூர் தன் குதிரைச் சந்தை ஓவியத்துக்காக 1850 முதல் ஒன்றரை ஆண்டுக்கு, வாரம் இரண்டு முறை பாரிஸின் குதிரைச் சந்தைக்குப் போய் வரைந்தார். யார் கண்ணையும் உறுத்தாமல் இருக்க ஆண் உடை போட்டுக்கொண்டு போனார். ஐந்து மீட்டர் அகல ஓவியத்துக்குப் பின்னால் அத்தனை நாள் நின்று பார்த்த கண் இருக்கிறது. அப்படி உட்கார்ந்து பார்க்க எங்கள் ஓவியர்களுக்கு நீங்கள் இடம் கொடுத்தீர்கள். "கிட்டே போகாதீர்கள், வால் அசைவதை நிறுத்திவிட்டது, கொஞ்சம் பொறுங்கள்" என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தது பல படங்களில் தெரிந்தது.

படங்களை மாட்டிய குழுவுக்கு எப்படி நன்றி சொல்வது? படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி மாட்டுவதுதான் வழக்கம். முதல் சுவரை அப்படி மாட்டி முடித்த பிறகு உங்களில் மூத்தவர் தள்ளி நின்று பார்த்தார். "படத்தின் நடுவை விட்டுவிடுவோம், விலங்கின் கண்ணை ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவோம்" என்றார். மட்டப்பலகையும் பென்சிலுமாக அந்தச் சுவர் முழுவதையும் இரவோடு இரவாக மாற்றினீர்கள். மறுநாள் உள்ளே வந்தவர்களை அத்தனை கண்களும் நேருக்கு நேர் பார்த்தன. நீர்வண்ணப் படங்களுக்கு 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் போகக் கூடாது என்று மீட்டரும் கையுமாக அலைந்த தம்பிக்கும் நன்றி. "இருட்டாக இருக்கிறதே" என்று வந்தவர்கள் சொன்னபோதெல்லாம், நிறம் வெளுத்துவிடும் என்று நீ பொறுமையாக விளக்கியதை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

வழியில் ஒரு படம் குலுங்கி, பாஸ்டல் தூள் கண்ணாடிக்கு உள்ளே கொட்டி வந்து சேர்ந்தது. சட்டம் போடும் அண்ணன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பின்பக்கத்தைப் பிரித்து, படத்தைத் தொடாமல் ஓர அட்டையை மட்டும் துடைத்துக் கொடுத்தார். இடம் கொடுத்தவர்களுக்கும், பணம் கொடுத்து உதவியும் பெயர் வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் என் வணக்கம்.

சுடுமண் நாயைச் செய்த தங்கைக்கு ஒரு வார்த்தை. பார்வையற்றவர்கள் தொட்டுப் பார்க்க உங்கள் சிற்பத்தைக் கொடுப்பீர்களா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "தாராளமாகத் தொடட்டும்" என்றீர்கள். இரண்டாம் நாள் வந்த ஒரு பெண்மணி, மூக்கிலிருந்து தொடங்கி நெற்றிக்குப் போனார். தலையோடு ஒட்டிக் கிடந்த காதில் விரல் நின்றது. பிறகு முதுகு வழியாக இறங்கி, கால்களுக்கு நடுவே ஒடுங்கிய வாலைத் தொட்டார். "ஐயோ, பயந்துபோயிருக்கிறது" என்று சொல்லி, அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். நீங்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தீர்கள். அப்போது நாம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. அதற்கான நன்றியை இப்போது சொல்கிறேன்.

தேர்வாகாத படைப்பாளிகளே, உங்களை நினைக்காமல் இந்த மடலை முடிக்க முடியாது. மறுப்புக் கடிதம் எழுதுவது எங்களுக்கு எளிதாக இருக்கவில்லை. வாங்கிக்கொண்ட உங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதும் தெரியும். அப்படியிருந்தும் உங்களில் பலர் திறப்பு நாளில் வந்தீர்கள், நாற்காலி தூக்கினீர்கள், லேபிள் ஒட்டினீர்கள். அந்தப் பாஸ்டல் ஆட்டை வரைந்தவரும் அதில் ஒருவர். நடுவர் குறிப்பைப் படித்துவிட்டு, மறுபடி ஆடுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் ஒரு கோட்டுப்படத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்பினார். அதில் ஆடுகூட முழுதாக இல்லை, கண் மட்டும்தான். தாள் முழுக்கப் பதினேழு கண்கள்.

மற்றவர்களுக்கான நடுவர் குறிப்புகளையும் பிரித்து எடுத்து வைத்துவிட்டேன். இந்த வாரத்துக்குள் அவரவருக்கு வந்து சேரும்.

அன்புடன்,
கண்காட்சிக் குழுவின் சார்பில், ஒருங்கிணைப்பாளர்