உதிரம் நின்றால் புற்று நின்றதாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருவதுதான். ஆயினும் உடற்பருமன், சினைப்பை நீர்க்கட்டி, நீரிழிவு ஆகியவற்றோடு குழந்தைக்காகச் சிகிச்சை பெற்றுவரும் முப்பது வயதுப் பெண்களிடமும் அது கண்டறியப்படுவதை, திசுப் பரிசோதனைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவர் என்ற முறையில் அறிவேன். கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றுவதே வழக்கமான சிகிச்சை. ஆனால் புற்று முதல் தரத்ததாக (அதாவது, வீரியம் குறைந்ததாக) இருந்து, தசைச் சுவருக்குள் ஊடுருவாமல் உட்சவ்வோடு நிற்பது எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்தால், பிள்ளைப்பேற்றை விரும்பும் பெண்ணுக்குக் கருப்பையைக் காத்தே சிகிச்சை அளிக்க இயலும். இதை அறுவைக்கு முன்பே எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை.

இதற்குப் பயன்படுவது லெவோநோர்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் அடங்கிய, கருப்பைக்குள் பொருத்தும் கருத்தடைச் சாதனம். பார்வைக்குக் காப்பர் டி போலவே இருக்கும். 52 மில்லிகிராம் மருந்தைத் தாங்கி, தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 மைக்ரோகிராம் வீதம் கருப்பைக்குள்ளேயே கசியவிடும். மருந்துக்கு இணங்கிய திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், முன்பு இடைவெளியின்றி ஒன்றையொன்று நெருக்கி நின்ற சுரப்பிகள் சுருங்கி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்க, இடைத்திசு வெளிர்சிவப்பாக உப்பிப் பரந்திருக்கும். மெகஸ்ட்ரால் என்ற ஹார்மோன் மாத்திரையும் இதே வேலையைச் செய்வதுதான். ஆனால் அது உடல் முழுவதும் பரவுவதால் எடை கூடும் தொல்லை உண்டு.

குழந்தை வேண்டி வந்த மருமகளுக்குக் கருத்தடைச் சாதனமா என்று மாமியார் கேட்பது நியாயமான கேள்வியே. பொறுமையாக விளக்கினால் தீர்ந்துவிடும். எனக்குக் கவலை தருவது வேறொன்று. குடும்பக் கட்டுப்பாட்டுக்காக வைத்துக்கொள்பவர்கள், 'போட்டாயிற்று, இனிச் சில ஆண்டுகளுக்குக் கவலையில்லை' என்று இருந்துவிடலாம். புற்றுக்காக வைத்துக்கொள்பவர் அப்படி இருக்கவே கூடாது. இந்த ஹார்மோன் உதிரப்போக்கை வெகுவாகக் குறைக்கும். பலருக்கு மாதவிடாயையே நிறுத்திவிடும். நோய் போய்விட்டது என்று நம்பி, அடுத்த பயாப்சிக்கு (திசுப் பரிசோதனைக்கு) வராமலிருக்க அது போதும். உள்ளே புற்று அப்படியே இருந்தாலும் உதிரம் நிற்கலாம்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 165 பெண்களைச் சேர்த்து நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், இச்சாதனம் வைத்து ஆறு மாதங்களுக்குப் பின், புற்றுக்கு முந்தைய நிலையில் இருந்தோரில் 82 சதவீதத்தினரிடம் திசு முழுமையாகச் சீரடைந்திருந்தது; புற்று உறுதியானவர்களிடமோ இது 43 சதவீதம் மட்டுமே. அப்பெண்களின் சராசரி வயது 53, உடல் நிறைக் குறியீடு 48 (மிகக் கடுமையான உடற்பருமன்) என்பதால், அந்த எண்ணை நம் இளம்பெண்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. இருப்பினும் ஆறு மாதத்தில் குணமாகாதவர்கள் கணிசம் என்பதை அது காட்டுகிறது. கருப்பையைக் காத்துச் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2012இல் வெளியான அலசலில், நால்வரில் மூவருக்குப் புற்று பின்வாங்கியிருந்தது. ஆனால் அவர்களில் பத்துக்கு நால்வருக்கு அது திரும்பி வந்தது. குழந்தை பெற்றவர்கள் 28 சதவீதம். மருத்துவமனை விளம்பரங்களில் கைக்குழந்தையின் படத்தைப் போடுகிறவர்கள் இந்த எண்ணையும் பக்கத்தில் அச்சிட்டால் நன்றாயிருக்கும்.

ஆகவே மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திசு எடுத்துப் பார்ப்பது கட்டாயம். சாதனம் உள்ளே இருக்கையில் உறிஞ்சுகுழாயால் எடுக்கும் துணுக்கு பல நேரங்களில் போதாமல் போகும் என்பதால், கருப்பை வாயை விரித்து உட்சவ்வைச் சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி முறையையே நம்புவது நல்லது. குடும்பத்தில் குடல் புற்றோ கருப்பைப் புற்றோ இருந்தால் மரபணுச் சோதனையும் வேண்டும். சிகிச்சைக்கு இணங்காதபோது, அல்லது பிள்ளைப்பேறு முடிந்த பின், கருப்பையை அகற்றுவதே முறை என்பதை முதல் நாளிலேயே கணவன், மனைவி இருவரிடமும் சொல்லிவிட வேண்டும். சாதனத்தைப் பொருத்தி வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில், அடுத்த பயாப்சியின் தேதியை மருந்துப் பெயர்களுக்கும் மேலே, தமிழில், பெரிய எழுத்தில் எழுதித் தருமாறு மகப்பேறு மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நோய்க்குறியியல் மருத்துவர்,
தஞ்சாவூர்.