மேல்மலை ஓடைகளை அளந்தவர்களுக்கு

நீலகிரியின் மேற்கு விளிம்பில், முக்கூர்த்தி, குந்தா மலைகளின் சோலை ஓடைகளில் கோடை நீரோட்டத்தை அளக்கத் தோள்கொடுத்த அனைவருக்கும் நன்றி.

முதல் வணக்கம் தோடர் மந்துகளின், அதாவது தோடர் பழங்குடிக் குடியிருப்புகளின், பெரியவர்களுக்கு. எந்த ஊற்று ஏப்ரலிலும் வற்றாது என்று வரைபடம் சொல்லாததை நீங்கள் சொன்னீர்கள். சதுப்பின் குறுக்கே இறங்காமல் ஓரமாகவே சுற்றிப் போகச் சொன்னதும் நீங்கள்தான். மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்லக் கசியவிடுவது அந்தக் கரிய மண். சில இடங்களில் அதன் அடியடுக்கு 20,000 ஆண்டுகளைத் தாண்டியது. பத்துப் பேர் ஒரே தடத்தில் மிதித்தால் தடமே வாய்க்காலாகி நீரை வடித்துவிடும்.

மிதவை விட்ட மாணவர்களே, உங்கள் பொறுமைக்குத் தனி நன்றி. காலிப் புட்டியை மிதவையாக விட்டால் காற்று தள்ளும். பாதி நீர் நிரப்பியது பாதி முழுகி மிதந்து ஓட்டத்தோடு போகும். 10 மீட்டரை 25 வினாடியில் கடந்தால் வேகம் வினாடிக்கு 0.4 மீட்டர். மேல்நீர் அடிநீரைவிட விரைவாக ஓடுவதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும்: 0.34. ஓடை 1.2 மீட்டர் அகலம், சராசரி 15 சென்டிமீட்டர் ஆழம் என்றால் வினாடிக்குச் சுமார் 61 லிட்டர். பாறையில் சிக்கிய ஓட்டங்களைச் சேர்க்காமல் மறுபடி விட்டீர்களே, கணக்கு சரியாக வந்தது அதனால்தான். ஊற்றுகளுக்கு 10 லிட்டர் வாளி நிரம்பும் நேரத்தைப் பார்ப்பதே போதுமானதாக இருந்தது.

மதிய மூட்டம் இறங்குமுன் எல்லோரையும் திருப்பி அழைத்து வந்த வனக் காவலர்களுக்கும் நன்றி.

கரையோரச் சீகைக் (வாட்டில் எனும் அயல்மரம்) கன்றுகளைப் பிடுங்கியவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு இழுப்பதே சரி. வெட்டிவிட்டால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். தீ வைப்பது இன்னும் மோசம், மண்ணில் பல்லாண்டு கிடக்கும் விதைகளைச் சூடு எழுப்பிவிடும். ஆகவே அடுத்த ஆண்டும் அதே கரைக்கு வாருங்கள்.

இங்கே பைக்காரா ஆறு வடக்கே இறங்கி மாயாறாகிறது. பவானி கேரளம் சுற்றித் திரும்புகிறது. இரண்டும் பவானிசாகர் அணையில் சேர்கின்றன. கீழே இருப்பவர்களும் இந்த மடலைப் படிக்கட்டும்.

ஒரு வேண்டுகோள்: ஓடையில் நட்ட அளவுகோல்களில் பாசி பிடித்தால் துணியால் துடையுங்கள். கம்பியால் சுரண்டினால் எண்கள் அழிந்துவிடும்.