தினமும் கையில் கிடக்க வேண்டிய சிலுவை மோதிரம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கமும் ஸ்தோத்திரமும்.

சபையில் முழு உறுப்பினராகச் சேர்க்கும் திடப்படுத்தல் ஆராதனைக்கும் கல்யாணத்துக்கும் எங்களிடம் வெள்ளியில் சிலுவை மோதிரம் வாங்கிப் போகிறவர்களில் பலர், சில மாதம் கழித்து அதைக் கழற்றி நீட்டிக் கேட்பது ஒரே கேள்வி: "கறுத்துப் போச்சே, இது நல்ல வெள்ளிதானா?" கடையில் கூட்டத்துக்கு நடுவே சொல்லும் பதில் அரைகுறையாகப் போய்விடுகிறது. அதனால் நிதானமாக எழுதுகிறோம்.

நாங்கள் தருவது 925 வெள்ளி. ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி, மீதி 75 பங்கு பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மிகவும் மென்மையானது. குத்துவிளக்குக்கும் குங்குமச் சிமிழுக்கும் அது சரி. பைக் கைப்பிடியையும் பஸ் கம்பியையும் நாளெல்லாம் பிடிக்கிற கைக்கு அது தாங்காது, நெளிந்துவிடும். உறுதிக்காகவே செம்பு சேர்க்கிறோம்.

வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். காற்றில் இருக்கும் கந்தக வாயு பட்டதும் வெள்ளியின் மேல் மெல்லிய கறுப்புப் படலம் உண்டாகிறது. அது மேலோடு நிற்பது, உள்ளே அரிப்பதில்லை. நம் வேலூர்ப் பக்கத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷெட்டுகளில் தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுகிறார்கள். அந்த வேலையில் இருப்பவர் கையில் வெள்ளி எவ்வளவு தரமாக இருந்தாலும் சீக்கிரம் கறுக்கும். குடியாத்தத்தில் தீப்பெட்டி மருந்தோடு புழங்குகிறவர்களுக்கும் இதே கதைதான். வீட்டிலும் முட்டை, வெங்காயம், பிளீச்சிங் பவுடர் எல்லாம் வெள்ளிக்கு ஆகாதவை. மோதிரத்தைப் பொட்டலம் கட்டி ரப்பர் பேண்டு போட்டு வைக்காதீர்கள், ரப்பரிலும் கந்தகம் உண்டு. சிலருக்கு விரலில் பச்சை நிறம் படியும். அது வியர்வையில் செம்பு செய்கிற வேலை, சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும்.

கறுப்பை எடுக்கப் பல்பொடி, பேஸ்ட் வேண்டாம், கீறல் விழும். கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, மோதிரம் அதைத் தொடும்படி வைத்து, ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டுக் கொதிநீர் ஊற்றுங்கள். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி தேயாது. ஆனால் சிலுவைக் கோட்டுக்குள் வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய மோதிரங்களுக்கு இதைச் செய்யாதீர்கள், அந்தக் கறுப்பும் சேர்ந்து போய்விடும். அவற்றை மென்மையான பருத்தித் துணியால் துடைத்தாலே போதும். தினமும் போட்டுக்கொண்டிருந்தால் தோலோடு உரசி உரசித் தானே மினுங்கும். பெட்டியில் கிடப்பதுதான் அதிகம் கறுக்கிறது.

அடுத்தது தடிமன். எடை குறைந்தால் விலை குறையும் என்று மெல்லிய மோதிரம் கேட்கிறார்கள். இந்திய மோதிர அளவு 16இல் 4 மி.மீ. அகல மோதிரம் 1 மி.மீ. தடிமனில் இரண்டரை கிராம்கூட வராது, 1.5 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 4 கிராம் வரும். தினமும் போட இரண்டாவதைத்தான் வாங்குங்கள் என்று வற்புறுத்துகிறோம். மெல்லியது ஒரு முறை கதவிடுக்கில் சிக்கினாலே முட்டை வடிவாகிவிடும்.

சிலுவையைத் தனியாகச் செய்து மேலே பற்றவைத்த மோதிரம் கண்ணாடிப் பெட்டிக்குள் அழகாகத் தெரியும். கையில் போட்டால் துப்பட்டா நூலிலும் குழந்தையின் தலைமுடியிலும் மாட்டும். பட்டைக்குள்ளேயே வெட்டி இறக்கிய சிலுவை அப்படி மாட்டாது, வருஷக்கணக்கில் அழியாது. எங்கள் பட்டறையில் நாங்கள் மனதார விரும்பிச் செய்வதும் அதைத்தான். மீன் வடிவம், புறா, ஜெபமாலை மணி போலப் பத்துப் புடைப்பு வைத்த மோதிரம் எல்லாமும் கேட்டால் செய்து தருகிறோம். ஜெபமாலை மோதிரம் விரலில் சுழல வேண்டியது, அதனால் அதைச் சற்றுத் தளர்வாகவே அளவெடுப்போம்.

உள்பக்கம் வசனம் பொறிக்கக் கேட்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். 16ஆம் அளவு மோதிரத்தின் உள்சுற்று 56 மி.மீ. மட்டுமே. முழு வசனத்தையும் அதில் அடக்கினால் 'ணை', 'ஞ' போன்ற எழுத்துகளின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, சோப்பு அடைத்து, படிக்கவே முடியாது. 'சங். 23:1' (சங்கீதம் 23:1) என்று வசனம் இருக்கும் இடத்தை மட்டும் போடுங்கள், அல்லது ஒரே சொல்லைத் தெளிவாகப் பொறியுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு என்றால் பின்பக்கம் கொஞ்சம் வெறுமையாக விடச் சொல்லுங்கள். பிறகு பெரிதாக்க அந்த இடத்தில்தான் வெட்ட முடியும். சுற்றிலும் எழுத்தோ வேலைப்பாடோ இருந்தால் அளவு மாற்ற வழியில்லை.

அளவைச் சாயங்காலத்தில் எடுங்கள். காலையில் விரல் ஒடுங்கியிருக்கும், நம் ஊர் மே மாத வெயிலில் நன்றாக உப்பும். விரல் மூட்டைத் தாண்டி வருகிற அளவுதான் சரியான அளவு.

ஆஸ்பத்திரி வேலையில் இருப்பவர்கள் இந்த ஊரில் நிறைய. 1900இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையால் வளர்ந்த ஊர் இது. நர்ஸ் தங்கைகளுக்கு எங்கள் வேண்டுகோள்: கல், புடைப்பு, ஆழமான வேலைப்பாடு எதுவும் வேண்டாம். கை கழுவும்போது கிருமி அங்கே தங்கும். பணியில் மோதிரம் அணிய வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சமய வழக்கத்துக்காக என்றால் சாதாரணப் பராமரிப்பு வேலையில் வழவழப்பான கல்யாண மோதிரம் ஒன்றை ஏற்கலாம் என்கிறார்கள், ஆபரேஷன் தியேட்டரில் அதுவும் கூடாது. உங்கள் வார்டின் விதி இன்னும் கடுமையாக இருந்தால் அதன்படி நடங்கள். பணி நேரத்தில் சங்கிலியில் கோத்து உடைக்குள் போட்டுக்கொள்ளச் சின்ன வளையம் வைத்துத் தருகிறோம்.

தரத்தைப் பற்றி: உள்ளே '925' என்று மட்டும் குத்தியிருந்தால் அது விற்பவர் தரும் வாக்கு. பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) ஹால்மார்க் முத்திரை இருந்தால் மூன்றாவது ஆள் சோதித்தது. வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்றாலும் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் முதல் ஹால்மார்க் செய்யும் வெள்ளிக்கும் ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளம் உண்டு, அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். 'ஜெர்மன் சில்வர்' என்ற பெயரில் கிடைப்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அதில் வெள்ளியே கிடையாது, நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அரிப்பும் வரும்.

ரோடியம் என்ற கறுக்காத வெண்ணிற உலோகத்தில் முலாம் கேட்டால் போட்டுத் தருவோம், ஆனால் தினமும் போடுகிற மோதிரத்தில் உள்ளங்கைப் பக்கம் அது முதலில் தேயும். முலாம் இல்லாத வெள்ளியைப் பல முறை மெருகேற்றலாம்.

நகை அணியாத சபையைச் சேர்ந்த வீட்டுப் பிள்ளைக்குப் பரிசாக வாங்க நினைப்பவர்கள், பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். விற்பனை போனாலும் எங்களுக்கு அதுவே திருப்தி.

கிறிஸ்துமஸுக்குப் பெயரோ வசனமோ பொறிக்க வேண்டுமானால் நவம்பர் கடைசிக்குள் சொல்லுங்கள். கையால் வெட்டும் வேலை, கடைசி வாரத்தில் அவசரப்படுத்தினால் எழுத்து கோணும். எங்களிடம் வாங்கிய மோதிரம் நெளிந்தாலோ கறுத்தாலோ எடுத்து வாருங்கள், நிமிர்த்தி மெருகேற்றித் தருகிறோம், அதற்குக் கூலி வாங்குவதில்லை.

அன்புடன்,
கடையாரும் பட்டறையாரும்
வேலூர்