சின்னவனோட விளையாட ஒரு விளையாட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது,

நாங்கள் சுகம். இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவு திறந்தாச்சு, வயல் பரவாயில்லை. போன கிழமை வீடியோ கோல்ல சின்னவனை வடிவாப் பாக்கேலாமப் போச்சு, நான் பேர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட நீ போனை அங்கால திருப்பிப் போட்டாய். வேலைக் களைப்பா இருக்கும் எண்டு விட்டிட்டன்.

இது விளையாட்டைப் பற்றின கடிதம். முன்பள்ளியில நாங்கள் பால்மா ரின்னுக்க புளியங்கொட்டை போட்டுக் கிலுக்கி, சிரட்டை தட்டிப் பிள்ளையளை ஆட விடுறது உனக்குத் தெரியும்தானே, நீயே அதில வளந்தனி, நாலு வயசில ஆதி தாளம் பிழைக்காமப் போட்டனி, ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான். புது ரீச்சர்மார் தாங்கள் தாளத்தைப் போட்டுப் பிள்ளையை அதுக்கு நடக்கச் சொல்லுவினம். சரிவராது. மூண்டு வயசுக்கு மெதுவான தாளம்தான் கஷ்டம், அதுகளின்ர கால் கெதி. முதல் அவன் நடக்கிற நடைக்கு நீ தட்டு, ஓடினா ஓட்டத்துக்குத் தட்டு, நிண்டா நிப்பாட்டு, போகப் போக அவன் உன்ர தட்டுக்கு வருவான். பாடேக்க உன்ர கட்டைச் சுருதியில பாடாத, சின்னனுகளின்ர குரல் மேல.

அப்பா பிள்ளைத்தமிழை எடுத்து வச்சுக்கொண்டு, அஞ்சாம் மாசம் செங்கீரை ஆடுறது, ஒம்பதாம் மாசம் சப்பாணி கொட்டுறது, முதல் ஆட்டம்தானே, கதைக்கிறது பிறகு தன்ர பாட்டில வரும் எண்டுறார். மாமாட மூத்தவனுக்கும் இப்பிடித்தான் எல்லாரும் சொல்லிச் சொல்லி இருந்தவை. அப்ப ஷெல்லடிக்க ஆர் என்னத்தைப் பாத்தது, அது வேற.

நீ இருக்கிற ஜெனீவாவிலதானே டால்க்ரோஸ் எண்ட மனுசன் படிப்பிச்சவர். பயிற்சியில சொல்லித் தந்தவை. சங்கீதக் கல்லூரியில பெரிய பெடி பெட்டையளே தாளத்தில தடுமாறினதைப் பாத்துத்தான் பாட்டுக்கு நடவுங்கோ, கையை வீசுங்கோ எண்டு தொடங்கினவராம். 1915இல அவர் தொடங்கின பள்ளிக்கூடம் இப்பவும் உங்கட ஊரிலதான் இருக்கு, சின்னனுகளுக்கும் வகுப்பு நடத்தினம். நாங்கள் இஞ்ச புழுதிக்க நிண்டு அந்த மனுசன்ர பேரைச் சொல்லுறம், நீ ட்ராமில போற தூரத்தில இருந்துகொண்டு ஒருநாளும் கூட்டிக்கொண்டு போகேல்ல.

சரி, வகுப்பை விடு. வீட்டிலயே செய். நிப்பாட்டு விளையாட்டு, தட்டேக்க நடக்கிறது, தட்டு நிண்டா சிலை மாதிரி நிக்கிறது. ஆட்டத்தை விட அந்த நிக்கிறதுதான் முக்கியம், பிள்ளை கேட்டுக்கொண்டிருக்குதோ எண்டு அதிலதான் தெரியும். உன்ர கையையோ முகத்தையோ அவன் பாக்கக் கூடாது, பின்னால நிண்டு தட்டு. உங்கட வீடு பலகை நிலம், நிலத்தில தட்டாத, அதிர்வு காலால போயிடும், சிரட்டையைக் கையில வச்சு மெல்லமாத் தட்டு. வலப்பக்கம் ஒருக்கா, இடப்பக்கம் ஒருக்கா. பிறகு பேர் சொல்லிக் கூப்பிடு, சத்தம் போட்டு இல்ல, மெல்லமா.

அப்பா இதைப் பற்றி ஒண்டும் எழுதாத எண்டவர். நான் எழுதேல்ல, விளையாட்டைப் பற்றித்தானே எழுதினனான்.

பின்னால நிண்டுதான் தட்டோணும், மறந்திடாத. மருமகனைக் கொண்டு வீடியோ எடுப்பிச்சு அனுப்பு. அவன் நிக்காட்டிலும் அனுப்பு. அங்க பிள்ளையளின்ர காது பாக்கிற டொக்டர்மார் நல்லவையாம், சும்மா சொன்னனான். சிரட்டை ரெண்டு சோடி தேச்சு வச்சிருக்கிறன், ஆரும் வந்தாக் குடுத்து விடுறன், அதுவரைக்கும் மரக்கரண்டியாலயாவது தட்டு. இரவெண்டாலும் எடு, நான் முழிப்பாத்தான் இருப்பன்.

அம்மா