இறங்குவதுதான் பெரிய விஷயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் பொழுதுபோக்காக ராக்கெட் விடுபவர்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் அதைப் ‘பெரிய சைஸ் தீபாவளி வாணம்’ என்று எழுதியதுதான் உறுத்தியது.

2009 ஏப்ரலில் ஸ்டீவ் ஈவ்ஸ் என்பவர் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு வயல்வெளியிலிருந்து ஏவிய ராக்கெட்டைப் பாருங்கள். மனிதர்களை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் பத்தில் ஒரு பங்கு அளவு மாதிரி அது. 36 அடி உயரம், ஏறக்குறைய 750 கிலோ. ஒஹாயோவில் தன் வீட்டுக் கார் ஷெட்டில் கட்டியது! ஒன்பது மோட்டார்கள், அதாவது எரிபொருள் அடைத்த உந்து குழாய்கள், எரிந்து 4,400 அடிக்கு மேல் ஏறியது. அப்புறம் பாராசூட்டுகளில் பத்திரமாக இறங்கியது.

வாணத்துக்கு ஏறினால் போதும். இவர்களுக்கு இறக்குவதில்தான் உயிர் போகிறது. பாராசூட் சீக்கிரம் விரிந்தால் வேகத்தில் கிழியும். தாமதித்தால் முக்கால் டன் தலையில் விழும். அதனால் காற்றழுத்தத்தை வைத்து உயரம் கணிக்கும் கருவியை உள்ளே வைக்கிறார்கள். உச்சியை அடைந்ததும் அது சிறிதளவு கருமருந்தைக் கொளுத்திப் பாராசூட்டை வெளியே தள்ளும். ஒன்று சதி செய்தால் இருக்கட்டும் என்று பெரும்பாலும் இரண்டு கருவிகள்.

நினைத்தவர் நினைத்த மோட்டாரை வாங்கவும் முடியாது. மோட்டார்களைச் சக்திக்கேற்ப ஆங்கில எழுத்துகளால் குறிக்கிறார்கள்; எழுத்துக்கு எழுத்து சக்தி இரட்டிப்பாகும். எச், ஐ இரண்டுக்கும் முதல் நிலைச் சான்று, ஜே முதல் எல் வரை இரண்டாவது, எம்மும் அதற்கு மேலும் மூன்றாவது. ஒவ்வொரு நிலைக்கும் ராக்கெட் விட்டுக் காட்டி, ராக்கெட் ஆர்வலர் சங்கத்தின் சான்று பெற வேண்டும். வான்வெளிக்கு அரசு அனுமதி தனி.

சரி, வாணத்துக்கு யார் சான்று கேட்கிறார்கள்?

வாசகர்,
விருதுநகர்