கட்டையில்தான் கோட்டை விடுகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூத்த பாப் பாடகர்கள் தங்கள் பழைய பாடல்களை மறுபடி பாடிப் பதியும்போதெல்லாம் "குரல் போய்விட்டது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். பல வேளைகளில் போனது குரல் அல்ல, கட்டை, அதாவது பாட்டின் சுருதி உயரம்.

பழைய மூலநாடா கிடைக்காத பாடலுக்குக் கேசட்தான் மாதிரி. வினாடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டிய நாடா, பெல்ட் தளர்ந்த பெட்டியில் மெதுவாக ஓடும். மோட்டார் திருகு மாறியிருந்தால் விரையும். 3 விழுக்காடு விரைந்தால் சுருதி கால் கட்டை ஏறும், 4 நிமிடப் பாடலில் 7 வினாடி குறையும். கீபோர்டு வாசிப்பவர் இரண்டு சுரங்களுக்கு நடுவில் தொங்கும் சுருதியைக் கேட்டு, மேலே உள்ள கட்டையைப் பிடித்துவிடுவார். அறுபத்தைந்து வயதில் பாடகர் அன்று பாடியதைவிட உயரத்தில் நின்று திணறுவார்.

இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. அன்றைய ஒலிக்கூடத்தின் மின்சார இரைச்சல் நாடாவில் மெலிதாகப் பதிந்திருக்கும். பாடல் தொடங்குமுன் வரும் அமைதியைக் கணினியில் அலைவரிசை வாரியாகப் பிரித்துப் பாருங்கள். நம் மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சென்னையில் பதிந்திருந்தாலும் அதேதான். இரைச்சலின் கோடு 51.5இல் நின்றால் நாடா 3 விழுக்காடு வேகம். சரியாக 50இல் இன்னொரு கோடு தெரிந்தால் ஏமாற வேண்டாம், அது இன்று ஓடும் பெட்டியின் இரைச்சல்.

நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் ஓட்டவே கூடாது. நம் ஊர் ஈரத்துக்கு இது சகஜம். ஓட்டினால் பூசணம் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும்.

அசல் கட்டை தெரிந்த பின் தயங்காமல் இறக்குங்கள். 5 கட்டையில் பாடியவர் இன்று 4இல் பாடினால் குறைந்து போய்விட மாட்டார். 5இல் பாட முடியாமல் பாடியதைக் கணினியில் இழுத்துச் சரிசெய்வதுதான் காதை உறுத்தும். ஆனால் இறக்கினால் வேலை கூடும்: புல்லாங்குழல்காரர் பெரிய குழல் எடுக்க வேண்டும், பேஸ் கித்தார் நான்கு தந்திக்குள் அடங்காமல் ஐந்து தந்தி கேட்கலாம். தாளத்தை மட்டும் மாற்றாதீர்கள். அன்று கிளிக் (காதில் தாளம் காட்டும் தட்டொலி) இல்லாமல் வாசித்தார்கள். சரணத்தில் லேசாக விரைவார்கள். அந்த ஓட்டத்தை அளந்து அப்படியே கிளிக்கில் ஏற்ற வேண்டும். ஒரே வேகத்தில் போட்டால் பாட்டு மரத்துப்போகும்.

உரிமை விஷயத்தில் 2021 முதல் தம் ஆல்பங்களை மறுபதிவு செய்த அமெரிக்கப் பாடகி டெய்லர் சுவிஃப்டைப் பலரும் உதாரணம் காட்டுகிறார்கள். அவர் தம் பாடல்களைத் தாமே எழுதுபவர். நம் பாடகர்களில் பலர் பிறர் எழுதி இசையமைத்ததைப் பாடியவர்கள். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியீட்டிலிருந்து 50 ஆண்டு; வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவர் ஆயுளும் அதற்குப் பின் 50 ஆண்டும். ஆகவே தாம் பாடிய பாட்டே ஆனாலும் கவிஞர், இசையமைப்பாளர் குடும்பத்திடமோ உரிமையாளரிடமோ அனுமதி வேண்டும். பழைய ஒப்பந்தத்தில் "இத்தனை ஆண்டு மறுபடி பாடக் கூடாது" என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக, புதிய பதிவுக்குப் புதிய ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய அடையாள எண்) வாங்க வேண்டும். பழைய 12 எழுத்தெண்களையே போட்டால், பாடகர் புதிதாகப் பாடியதற்கு வரும் பணம் பழைய பதிவின் உரிமையாளர் கணக்கில் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவு, மேடை இசைத் தொழிலில் உள்ள சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்